கையெழுத்தின் வால்

டேட்டன், ஒஹாயோ
செப்டம்பர் 9, 2018

வெண்டல்,

உறையில் என் எழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. அப்பாவுக்குப் பிறகு நம் வீட்டில் போவதற்கு நீயும் நானும்தான் மிச்சம்.

அவரைப் புதைத்த அன்று, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டா" என்று ஊரே கேட்கச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் மூஞ்சியில் விழிக்காமல் கடிதம் எழுதலாம். நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் தபால்தலை வாங்கினேன்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு கல்லூரியில் மாலை வகுப்பில் ஓவியம் படிக்கிறேன். சிரிக்காதே. பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு மாலையில் கொஞ்சம் பைத்தியம் பிடித்தால் என்ன? யோடர் டீச்சர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். உன் மனதைச் சுட்ட ஒரு விஷயத்தை எடு, அது ஏன் சுட்டது என்று எழுது, குறைந்தது நாலு வகைப் பொருள் சேர்த்து ஒரு படைப்பு செய். ஒருத்தி தேனீ என்றாள். ஒருவன் தெருப்பூனை என்றான். நான் "என் அப்பாவின் நுரையீரல்" என்று எழுதிக் கொடுத்தேன். 

என் திட்டம்: அப்பாவின் வேலைச் சட்டைகளை வெட்டி, கதவளவுக்கு ஒரே துணியாகத் தைப்பேன். அவருடைய எக்ஸ்ரே படத்தை அதில் பொருத்தி, பின்னால் விளக்கு வைப்பேன். அவருடைய சாப்பாட்டு வாளி கீழே நிற்கும். துணியின் நடுவே ஒரு கையெழுத்து.

யாருடையது என்று கேட்பாய். நீ அப்பாவின் நஷ்டஈட்டு விசாரணைக்கு வராததால் உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு நிலக்கரித் தூசியால் வந்த நோய் இல்லை என்று சொல்ல, கம்பெனி வக்கீல் ஐந்து அட்டைகளை மேசையில் பரப்பினான். 2003 ஏப்ரலில் ஐந்து நாள் அப்பா வேலை செய்த இடத்தில் காற்றை அளந்த அட்டைகள். "பாருங்க, காத்து கண்ணாடி மாதிரி இருந்திருக்கு" என்றான். ஐந்திலும் ஒரே ஆள் கையெழுத்து. அந்த ஆள் கையெழுத்தைத்தான் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அப்பாவின் சட்டைமேல் ஆரஞ்சு நூலால் தைக்கப் போகிறேன்.

உனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். "எம் புள்ள சாட்சி சொல்ல வரேன்னிருக்கான்" என்று அப்பா கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அதை இப்போது எடுக்கவில்லை.

சட்டைகள் அம்மாவின் மரப்பெட்டியில் இருக்கும். நாலு அனுப்பு. வாளியையும் அனுப்பு. எக்ஸ்ரேயை ஆஸ்பத்திரி தரவேண்டுமென்றால் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் வேண்டுமாம். படிவம் இத்துடன். எனக்கு நீ ஒரு வரி எழுத வேண்டாம். கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

ரோவீனா


கேனி ஃபோர்க், கென்டக்கி
செப்டம்பர் 20

அக்கா,

சட்டைகள் தனிப் பொட்டலத்தில் வருகின்றன. நீ நாலு கேட்டாய், ஐந்து வைத்திருக்கிறேன். ஐந்தாவதில் முழங்கையில் அம்மா போட்ட ஒட்டு இருக்கிறது. அதை வெட்டாதே.

வாளி அகப்படவில்லை. தேடுகிறேன்.

படிவத்தில் காபி கொட்டிவிட்டது. வேறொன்று அனுப்பு.

போனை எடுக்காததற்குக் காரணம் மலை. இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. பிஸ்கட்டுக்கு வயதாகி ஒரு காது கேட்பதில்லை. மற்றபடி நாயும் நானும் சுகம்.

நீ ஓவியம் படிப்பதற்கு நான் சிரிக்கவில்லை.

வெண்டல்


டேட்டன்
செப்டம்பர் 29

வெண்டல்,

மலை நேற்றா முளைத்தது? போன வருடம் வரைக்கும் அதே மலைக்கு அடியில் உட்கார்ந்துதானே என்னோடு மணிக்கணக்கில் சண்டை போட்டாய்? என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுது. நான் ஒன்றும் உருகிவிட மாட்டேன். பெயரைக்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அச்செழுத்தில் எழுதியிருக்கிறாய்.

சட்டைகள் வந்தன. மூன்று தடவை துவைத்தேன். தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் இறங்குகிறது. இருபத்தாறு வருடமாக ரத்தமும் சீழும் வெளுத்தவள் நான், இதை என்னால் வெளுக்க முடியவில்லை. "விட்டுடுங்க, அந்தக் கறுப்பும் உங்க பொருள்ல ஒண்ணுதான்" என்றாள் யோடர். அம்மாவின் ஒட்டை வெட்டவில்லை.

அட்டைகளை நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாக விழ வைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு 'டபிள்யூ'. அப்புறம் ஒன்றும் புரியாத கிறுக்கல். கடைசியில் அட்டையின் ஓரம் வரைக்கும் ஒரு வால். என்ன திமிர் பார், பெரிய மகாராஜா! ஒரு மனுஷனின் உயிரை விலை பேசுகிற அட்டையில் வால் இழுத்து விளையாடியிருக்கிறான். ஐந்திலும் வால் உண்டு. மூன்றாவதில் அந்த வாலே நெளிகிறது. எண்ணிப் பார்த்தேன், ஏழு நெளிவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத்தான் தைக்கப் போகிறேன்.

'டபிள்யூ' என்றால் வில்பர்ன் நேப்பியர்தானே? மேலாளராக இருந்த அதே வில்பர்ன்? நீ ஃபோர்மேனாக இருந்தவன், ஆபீஸ் ஆட்களின் கையெழுத்தெல்லாம் பார்த்திருப்பாய். பார்த்துச் சொல். உறைக்குள் நகல் வைத்திருக்கிறேன்.

படிவம் இரண்டாவது தடவை. காபியைத் தள்ளி வைத்துக்கொள்.

ரோவீனா


கேனி ஃபோர்க்
அக்டோபர் 11

அக்கா,

வில்பர்னாக இருக்கும். அவன்தானே மேலாளர்.

உன் வேலைக்கு உதவுமென்றால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காற்றை அளக்க ஒரு சின்ன பம்ப் உண்டு. இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் கழுத்துக்கு வரும். ஷிஃப்ட் முழுவதும் அது ஓடி, ஆள் இழுக்கிற காற்றையே தானும் இழுத்து, தூசியை ஒரு வடிகட்டியில் பிடிக்கும். நிலக்கரி வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவன்தான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தூசி அவனுக்குத்தான் அதிகம். எங்கள் பிரிவில் அது அப்பா.

ஆனால் எங்கள் சுரங்கத்தில் அது யார் இடுப்பிலும் இருந்ததில்லை. அளக்கிற நாளில் பம்பைக் கழற்றி ஒரு சாப்பாட்டு வாளிக்குள் வைத்து மூடி, வாளியை நல்ல காற்று வருகிற பக்கம் வைத்துவிடுவார்கள். வாளிக்குள் என்ன தூசி இருக்கப் போகிறது? ரொட்டித் தூள்தான். அட்டை சுத்தமாக வரும். வராவிட்டால் பிரிவை மூடுவார்கள், அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

படிவத்துக்கு எடுத்த பேனா காய்ந்துவிட்டது. போடுகிறேன்.

வெண்டல்


டேட்டன்
அக்டோபர் 23

வெண்டல்,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். சூப்பர்வைசர் வந்து, "என்ன ரோவீனா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். "ஆமா, போன வருஷம்" என்றேன்.

வாளியிலா? அப்பாவே தன் கையால் வைத்தாரா? வேண்டாம், அதை எனக்குச் சொல்லாதே. வில்பர்ன் சொன்னான், அவர் செய்தார், அவ்வளவுதான். மூன்றாவது அட்டையைக் கையில் எடுத்து அந்த வாலைப் பார்க்கிறேன். பம்ப் வாளிக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதானே பாவி இழுத்திருக்கிறான்!

தைக்கத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சாபம் விடுகிறேன். வாய்விட்டே விடுகிறேன். பக்கத்து மேசையில் தேனீ செய்கிற பெண் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது வாளி கட்டாயம் வேண்டும். அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, மூச்சுச் சத்தம் கேட்க வைக்கப் போகிறேன். மூடியைத் திறந்தால் அந்த இழுப்பு கேட்கவேண்டும். அப்பாவின் மூச்சை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அங்கே அதே நோயுள்ள யாரையாவது கேட்டுப் பார். வெட்கப்படாத ஆளாக இருந்தால் நல்லது.

இன்னொரு செய்தி. நம் ஊர் நுரையீரல் கிளினிக்குக்கு எழுதிக் கேட்டேன். காத்திருக்கும் அறையில் மாட்டிக்கொள்கிறோம் என்று ட்ரேவா என்கிற நர்ஸ் பதில் எழுதியிருக்கிறாள். பிப்ரவரியில் மாட்டுவார்கள். அங்கே வந்து உட்காருகிற ஒவ்வொருத்தனும் பார்க்கட்டும். கையெழுத்துக்குக் கீழே 'வில்பர்ன் நேப்பியர்' என்று பெரிதாகப் பெயரையும் தைக்கப் போகிறேன். அவன்தான் செத்துப்போனானே, செத்தவனுக்கு வலிக்காது.

மூன்றாவது படிவம். இந்தத் தடவை உறைக்குள் பேனாவும் இருக்கிறது.

ரோவீனா


கேனி ஃபோர்க்
நவம்பர் 4

அக்கா,

அந்தப் பெயரைத் தைக்காதே. ஏற்கெனவே தைத்திருந்தால் பிரித்துவிடு.

ட்ரேவா வில்பர்னின் மகள். கல்யாணமாகிப் பெயர் மாறிவிட்டதால் உனக்குத் தெரியவில்லை. நல்ல பெண். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள்தான் என் மூக்கில் கிளிப்பை மாட்டி, ஒரு குழாயை வாயில் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும், விட்டுடாதீங்க" என்று குதிரைப் பந்தயம் மாதிரிக் கத்துவாள். நான் ஜெயித்ததே இல்லை.

எழுதியே விட்டேன். மலை ஒன்றும் காரணமில்லை அக்கா. போனில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் நிறுத்தவேண்டியிருக்கிறது. நீ அப்பாவோடு எட்டு வருடம் போனில் பேசியவள். முதல் நிறுத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய். எழுதும்போது நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்துக்கு எத்தனை தடவை நிறுத்தினேன் என்று உன்னால் சொல்ல முடியுமா?

பெயரைத் தைக்காதே.

வெண்டல்


டேட்டன்
நவம்பர் 9

தம்பி,

எத்தனை மாதமாக? யார் பார்க்கிறார்கள்? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? ராத்திரி படுத்துத் தூங்குகிறாயா, இல்லை அப்பா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேவா? உனக்கு நாற்பத்தேழுதானே ஆகிறது! இப்படி ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு நாயின் காதைப் பற்றி எழுதுகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருகிறேன். கல்லறை மேட்டில் சொன்னதெல்லாம் அங்கேயே கிடக்கட்டும். வான்கோழி வாங்கிவிட்டேன், நான் கொண்டுவருகிறேன். நீ ஒன்றும் செய்யாதே. அடுப்புப் பக்கம் போனால் தெரியும் சேதி.

வில்பர்ன் பெயரைத் தைக்கவில்லை. அந்தப் பெண் பாவம். கையெழுத்து மட்டும் போதும், தெரிந்தவனுக்குத் தெரியும். வால் வரைக்கும் வந்துவிட்டேன். ஏழு நெளிவில் மூன்று முடிந்தது. ஆறு வாரமாக அதே கோட்டின் மேல் ஊசி போய்வந்ததில் அது என் கைக்குப் பழகிப்போயிற்று. பார்க்காமலே போடுவேன் போலிருக்கிறது.

உன்னைத் தொந்தரவு செய்ய மனமில்லை, ஆனால் வேறு வழியில்லை. பழைய எக்ஸ்ரே படங்களை இந்த மாதக் கடைசியில் அழித்துவிடப் போகிறார்களாம். அதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால் அப்பாவின் நெஞ்சு குப்பைக்குப் போய்விடும். கஷ்டப்பட்டு ஒரு கோடு இழு, போதும்.

அக்கா


கேனி ஃபோர்க்
நவம்பர் 16

அக்கா,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வருவதை, பார்த்த பிறகு முடிவு செய்.

வெண்டல்


டேட்டன்
நவம்பர் 24

வெண்டல்,

நான் வராததிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும்.

படிவத்தைத் துணியின்மேல்தான் பிரித்தேன், மேசை முழுக்கத் துணியாக இருந்ததால். உன் கையெழுத்தைப் படிக்கக்கூட இல்லை. விரல் தானாகப் போய் அந்த 'டபிள்யூ'வின் மேல் ஓடியது. எங்கே ஏறும், எங்கே மடங்கும், எங்கே வால் கிளம்பும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. வாலில் நெளிவு மட்டும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

நீயா?

உன்னை எதைச் சொல்லித் திட்டுவது? ஆறு வாரம் தையலுக்கு ஒரு சாபமாக விட்டேனே, அதெல்லாம் எங்கே போய் விழுந்தது? நுரையீரல் அழுகிச் சாகணும் என்றேன். மூச்சுக்குத் தவிக்கணும் என்றேன். வாய்விட்டுச் சொன்னேன் வெண்டல், ஒரு வகுப்பே கேட்கச் சொன்னேன். நீ அங்கே குழாயில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

'வில்பர்னாக இருக்கும்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? செத்தவன் தலையில் கட்டிவிட்டு, அவன் மகளிடம் போய் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே! காபி கொட்டியதாம், பேனா காய்ந்ததாம். நான் முட்டாள்போல் உறைக்குள் பேனா வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒன்றைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த அட்டைகள் மேசையில் கிடந்தன, அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு நிறுத்திவிட்டேன். வான்கோழி ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. எக்ஸ்ரே வந்துவிட்டது.

ரோவீனா


கேனி ஃபோர்க்
டிசம்பர் 3

அக்கா,

தெரியும். அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஃபோர்மேனின் வெள்ளைத் தொப்பி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் வில்பர்ன் என்னைக் கூப்பிட்டு, "அட்டை சுத்தமா வரணும். வரலேன்னா அந்தத் தொப்பியக் கழட்டி மேசைல வச்சுட்டுப் போயிடு" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் பம்பை அப்பாவிடம் நீட்டினேன். இதைப் போட்டுக்கொள் என்றும் சொல்ல வரவில்லை, போட்டுக்கொள்ளாதே என்றும் சொல்ல வரவில்லை. அவர் என் தொப்பியைப் பார்த்தார். அப்புறம் குழாயைச் சுருட்டினார். "உன் வாளி பெருசுடா, அதுல வையி" என்றார். அவரே மூடியைத் திறந்து, அவித்த முட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வைத்தார். எட்டு மணி நேரம் பம்ப் நல்ல காற்றை இழுத்தது. அவர் தூசியை இழுத்தார். ஐந்து நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்ததும், எப்போது முடித்துத் தொலைப்போம் என்ற அவசரத்தில் பம்பை நிறுத்தாமலே அட்டையை வாளி மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. மூடி அதிர்ந்தது, பேனா அதிர்ந்தது. "என்னடா கையெழுத்து, புழு மாதிரி நெளியுது" என்று அப்பா சிரித்தார். நீ எண்ணினாயே ஏழு, அது நான் திமிரில் இழுத்ததில்லை. அந்த நெளிவு பம்ப் போட்டது.

விசாரணைக்கு வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் வந்தேன். உன் கார் அங்கே நின்றது. மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "வராததே நல்லதாப் போச்சு. வந்திருந்தா வக்கீல் அந்த அட்டைய உன் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருப்பான்" என்றார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தித்தான் சொன்னார். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் வரவேண்டும் என்பதற்கில்லை அக்கா. எங்கே வந்து தொலைக்கப் போகிறேனோ என்ற பயத்தில். "ரோவீனாகிட்ட சொல்லிடாத. அவ உன்னைச் சும்மா விடமாட்டா" என்றும் சொன்னார். ஒன்றரை வருடம் அவர் சொல்படி இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வில்பர்ன் தலையில் போட்டது அவர் சொல்லி இல்லை, அது என் புத்தி.

ட்ரேவாவிடம் சொல்லிவிட்டேன். உன் அப்பா பெயர் அங்கே வர இருந்தது, கையெழுத்து என்னுடையது என்றேன்.  அவள் கிளிப்பை மாட்டி, "ஊதுங்க" என்றாள். அன்றைக்குக் கத்தவில்லை.

வாளியை அனுப்பியிருக்கிறேன். அப்பாவுடையது இல்லை, என்னுடையது. உனக்கு வேண்டியது அதுதான். உள்ளே ஒரு பென் டிரைவ் இருக்கிறது, ட்ரேவா பதிவு செய்து கொடுத்தாள். வெட்கப்படாத ஆளைக் கேட்டிருந்தாய். வெட்கப்படுகிறவன்தான் கிடைத்தான்.

தையலைப் பிரிக்காதே. கீழே பெயரைத் தை. என் பெயரை. அந்த அறையில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் என் பிரிவில் வேலை செய்தவர்கள். பெயர் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும்.

வெண்டல்


டேட்டன்
ஜனவரி 27, 2019

வெண்டல்,

உன் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் கெட்ட வார்த்தைதான் வந்தது. இப்போதும் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருவரும் சேர்ந்து என்னைக் கோமாளியாக்கிவிட்டீர்கள்.

பதிவைக் கேட்டேன். ஒரு தடவைதான். வாளிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

பிரித்த இரண்டு அங்குலத்தையும் மறுபடி தைத்துவிட்டேன். ஏழு நெளிவும் முடிந்தது. இந்தத் தடவை சாபம் விடவில்லை, வேறொன்றும் சொல்லவுமில்லை. வால் கீழே இறங்கி வாளியின் மூடிக்கு மேல் வந்து நிற்கிறது.

பெயரை நான் தைக்க மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு மாட்டுகிறார்கள். நீ வா. எல்லோரும் இருக்கும்போது, உன் கையால் நீயே போடு. ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன். மூச்சு வாங்கினால் நிறுத்தி நிறுத்திப் போடு. முடிகிற வரைக்கும் நான் நிற்பேன்.

ரோவீனா


கேனி ஃபோர்க்
பிப்ரவரி 17, 2019

அக்கா,

நேற்று முன்தினம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். மூஞ்சியில் விழிக்க மாட்டேன் என்றாய், விழிக்கவில்லை. வாக்குத் தவறாதவள்தான். ஆனாலும் நின்றாய்.

பாதிப் பெயர்தான் போட முடிந்தது. ட்ரேவா ஆக்சிஜனைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்ததை நீ ஜன்னல் கண்ணாடியில் பார்த்திருப்பாய். அப்போதுதான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். இன்னும் ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கலாம்.

மூலையில் பச்சைத் தொப்பியோடு ஒரு குண்டு ஆள் உட்கார்ந்திருந்தாரே, ஆர்லி ஃப்யூகேட், அப்பாவுக்குப் பிறகு அதே இயந்திரத்தை ஓட்டினவர். அவர் எழுந்து வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வாளியைத் திறந்து, குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மூடினார். "ஏண்டா, உன் வாளிக்கு மட்டும்தான் மூடி இருந்துச்சா? நானும்தான் வச்சேன். ஒம்பது வருஷம் வச்சேன், யார் சொல்லியும் இல்ல, நானா வச்சேன்" என்றார். என் கையிலிருந்த ஊசியை வாங்கி, என் பாதிப் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட ஆரம்பித்தார். அவருக்குத் தையல் வராது, கோணல் மாணலாக வந்தது. நடுவில் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தார்.

அப்புறம் இன்னொருவர் வரிசையில் வந்து நின்றார். நேற்றும் வந்திருக்கிறார்கள், கிளினிக் மூடியிருந்தும் ட்ரேவாவைக் கதவைத் திறக்கச் சொல்லி. இன்று காலை அவள் போன் செய்தாள். நான் எடுத்தேன். பதினொரு பெயர் இருக்கிறதாம். ஒன்றைப் போட்டது ஒரு பெண், புருஷன் செத்துவிட்டதால் அவனுக்காக வந்து போட்டாளாம். பன்னிரண்டாவதாகத் தன் அப்பாவின் பெயரைத் தானே போடலாமா என்று ட்ரேவா உன்னைக் கேட்கச் சொன்னாள். அவள் குரல் சரியாக இல்லை.

என் பெயரில் பாதி இன்னும் பாக்கி. இனி அதை நான் முடிப்பேன் என்று டாக்டர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

நீ விட்டுப்போன நூல் தீர்ந்துவிட்டது. அதே ஆரஞ்சுதான் வேண்டும் என்கிறார்கள். அனுப்பி வை. முடிந்தால் நீயே கொண்டு வா.

வெண்டல்